அணையா அடுப்பும் அறமுறையும்

அன்பு தொடர்புடையார்மேற் செல்வது. அருள் தொடர்பில்லார்மேலும் பரந்து செல்வது. இவ்வேறுபாடு நூலளவில் நில்லாது மக்கள் வாழ்க்கையிற் செயலாய் விளங்கியவாற்றை ஈண்டு ஆராய்வாம்.

வற்கடம் வந்துற்றகாலத்துத் திருவீழிமிழலையில் அப்பரும் சம்பந்தரும் இறைவன்பால் நாடோறும் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்த வரலாறு பெரியபுராணத்துட் காணப்படும். ஆங்கு விருந்தாய் அழைக்கப்பெற்றார் அடியார். 1867 மே 23-இல் இராமலிங்க அடிகள் வடலூரில் நிறுவிய சத்திய தருமச்சாலையிலோ சாதி யாது, சமயம் யாது என்னும் வினா எழுந்திலது, பசியொன்றே தகுதியாயிற்று. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது.

அடிகளோடு அருட்பாப் பற்றி மாறுபட்டு, 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்காடியவர் ஆறுமுக நாவலர். அவரும் யாழ்ப்பாணத்துப் பஞ்சகாலத்திற் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசிதீர்த்தார். கொள்கையில் மாறுபட்ட இருவரும் கஞ்சிக்கலத்தின்முன் ஒன்றுபட்டமை காண்க.

அற்றேல், உண்டி கொடுத்தலே முறைமையாமோ எனின், ஆகாது. கொடுப்பார் உயர்ந்தார், ஏற்பார் தாழ்ந்தார் என நின்றவழி அஃது ஈகையேயன்றி முறைமையன்று. உயிர்தோறும் இறைவன் உடனாய் நிற்கின்றான் என்பது சித்தாந்தத் துணிபு. அத்துணிபு உளத்திற் பதிந்தவழி, ஏற்பாரை இழிந்தாரென எண்ணுதல் கூடாது. ஆண்டே அருள் முறைமையாய் முதிரும்.

அம்முதிர்ச்சி எளிதின் வந்ததன்று. விலக்கப்பட்டிருந்த மக்கள் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலுட் புகுந்தது 1939 சூலை 8-இல். வடலூர் அடுப்பு மூட்டியதற்கும் அதற்கும் இடையே 72 யாண்டுகள் கழிந்தன. சோறு வழங்கக் கூசாத நாடு, வாயில் திறக்க இத்துணைக் காலம் தாழ்த்தது. அதன் காரணம் சைவராகிய நம்மால் ஆழ்ந்து சிந்திக்கற்பாலது.