வெள்ளை மணல், நீலத் தண்ணீர்: ஈயக்குட்டையில் இறங்கலாமா?

சுற்றிலும் வெள்ளை மணல், நடுவில் நீலத் தண்ணீர். போட்டோவைப் பார்த்தால் ஏதோ பாலைவன ஏரி மாதிரி இருக்கும். லொக்கேஷனைப் பார்த்தால் சிலாங்கூர்! வார இறுதியில் கூட்டாளிகளோடு கிளம்பும் முன் இதைப் படிச்சிட்டுப் போங்க.

இந்த ஏரி எப்படி வந்தது?

பெரும்பாலும் இவை கைவிடப்பட்ட ஈயச் சுரங்கங்கள். 1857-இல் கிள்ளானின் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள், ஆற்று வழியாக வந்து அம்பாங் பக்கம் ஈயம் தோண்டினார்கள். கோலாலம்பூர் வளர்ந்த கதையே அதுதான். 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. குழிகளில் மழைநீர் நிரம்பியது.

மணல் ஏன் இப்படி?

ஈயத்தை அலசிப் பிரித்தபின் மிஞ்சிய மணல் அது. சத்தும் ஈரமும் அதில் தங்காது. புல் முளைக்கவே சிரமம்.

குளித்தால் என்ன ஆபத்து?

- கரையில் முழங்கால் அளவு தண்ணீர்தான் இருக்கும்; இரண்டு அடி தள்ளிக் கால் வைத்தால் திடீர்ப் பள்ளம்.
- அடியில் இருக்கும் சேறு காலை இழுத்துப் பிடிக்கும். மணல் கரையும் சரியலாம்.
- மேல் தண்ணீர் சூடாக, ஆழத்தில் சில்லென்று இருக்கும். நீச்சல் தெரிந்தவருக்கே தசைப்பிடிப்பு வரலாம்.
- நீல நிறம் என்றால் சுத்தம் என்று அர்த்தமில்லை. சில பழைய குட்டைகளில் ஆர்செனிக் போன்ற நச்சுப் பொருள்கள் கண்டறியப்பட்டுள்ளன.

உயிர்காப்பாளர் யாரும் அங்கே இருக்க மாட்டார்.

அப்போ எங்கே போகலாம்?

தித்திவங்சா ஏரிப் பூங்காவும் முன்பு ஈயக்குட்டைதான். பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் ஏறினால் கடைசி நிலையம் தித்திவங்சா. ஏரிக்கரையில் நடக்கலாம், இரட்டைக் கோபுரத்தைப் பின்னணியில் வைத்துப் படம் எடுக்கலாம். கிள்ளான் பக்கம் இருப்பவர்கள் காரில் டிங்கில் போனால், பாயா இண்டா ஈரநிலத்தில் பறவைகளைப் பார்க்கலாம். அதுவும் பழைய சுரங்க நிலமே.

யாராவது மூழ்கினால்?

பின்னாலேயே குதிக்காதீங்க. ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரும் மூழ்குவது அடிக்கடி நடக்கிறது. கயிறு, நீளமான கம்பு, மூடிய காலி டப்பா என்று கையில் கிடைப்பதை நீட்டுங்கள், வீசுங்கள். உடனே 999-ஐ அழைத்து, இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஈயக்குட்டையைக் கரையிலிருந்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வோம்.