ஊசியின் ஞாபகம்: குன்னூரும் தோட்டத்து உடல்களும்

2021 மே மாதம். நீலகிரிக்கான கொரோனா தடுப்பூசிகள் புனேயிலும் ஐதராபாத்திலும் தயாராகிச் சமவெளி வழியாக மலை ஏறிக்கொண்டிருந்தன. அப்போது குன்னூரில் சிம்ஸ் பூங்காவை ஒட்டி, 1907-இல் தொடங்கப்பட்ட ஒரு தடுப்பூசிக்கூடம் இருந்தது: பாஸ்டர் நிறுவனம். அந்த மாதம் ஒரே ஊசிக்கு மூன்று விலை இருந்தது. கோவிஷீல்டு மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநிலத்துக்கு 300, தனியார் ஆஸ்பத்திரிக்கு 600. 18 முதல் 44 வயதுவரை உள்ளவர்களுக்கு மாநிலங்களே வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். ஜூன் 21-இல்தான் அந்தக் கொள்கை மாறியது.

இதே நாட்களில்தான் 'தடுப்பூசித் தயக்கம்' என்ற சொல்லாடல் இங்கே பரவியது. தோட்டத்து ஜனங்களும் பழங்குடிகளும் ஊசிக்குப் பயப்படுகிறார்கள், காரணம் அறியாமை, வதந்தி என்றார்கள். வதந்தி இருந்தது, மறுக்கவில்லை. ஏப்ரல் 15-இல் ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17-ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்று ஆய்வுக்குழு பின்னர் சொன்னது. அதற்குள் பேச்சு மலையேறிவிட்டது. ஆனால் பயத்துக்கு வதந்தியைவிட நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் பாதி குன்னூரிலேயே இருக்கிறது.

நிறுவனத்தின் பிறப்புக் கதை ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் சாவிலிருந்து தொடங்குகிறது. 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்பவர் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். அன்று இந்தியாவில் நாய்க்கடி வைத்தியத்துக்கு இருந்த இடம் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலி. தெற்கே ஒரு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. கார்னெகியின் உருக்குத் தொழில் கூட்டாளியான அமெரிக்கர் ஹென்றி ஃபிப்ஸ், வைஸ்ராய் கர்சனிடம் தந்த நன்கொடையில் ஒரு பகுதி குன்னூருக்கு வந்தது. நாய் கடித்துச் செத்த கூலிகள் எத்தனையோ பேர். அவர்கள் சாவு எந்த நிறுவனத்துக்கும் அஸ்திவாரமாகவில்லை. இருந்தாலும் கதவு திறந்தபின் வந்தவர்களில் பெரும்பாலோர் இந்நாட்டு ஜனங்களே என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். காலனிய மருத்துவத்தை வெறும் ஒடுக்குமுறையாக மட்டும் படிப்பது சௌகரியமான வாசிப்பு. நாய்க்கடி பட்டவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.

அந்த ஊசி எப்படிப்பட்டது? 1911-இல் டேவிட் செம்பிள் கசௌலியில் உருவாக்கிய முறைப்படி, வைரஸ் ஏற்றிய ஆட்டு மூளையை பீனாலில் செயலிழக்கச் செய்து தயாரிப்பது. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி என்றால் பெரியவர்களுக்கு இன்றும் உடம்பு கூசும். அது பல உயிர்களைக் காப்பாற்றியது. அதேசமயம் மூளைத் திசுவில் இருந்த புரதம் சிலருக்கு அவர்களுடைய நரம்பையே தாக்கும் எதிர்வினையைத் தூண்டியது. பக்கவாதம் வந்தது, சாவும் வந்தது. இந்தியா இதன் தயாரிப்பை நிறுத்தியது 2004-இல். 'ஊசி போட்டா கைகால் விழுந்துரும்' என்று ஒரு கிழவி சொன்னால், அதில் மருத்துவ நூல்களே ஒப்புக்கொண்ட ஓர் உண்மையின் மிச்சம் இருக்கிறது.

இன்னொரு ஞாபகம் கடல் கடந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்கள் மண்டபம் முகாமில் பல நாள் அடைத்துவைக்கப்பட்டார்கள். துணிமணிகளைக் கிருமிநீக்கம் செய்து, அம்மை குத்தித்தான் அனுப்பினார்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. திரும்பி வந்தவர்களுக்காக 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் நீலகிரியில் தொடங்கியது. கூடலூர், கோத்தகிரிப் பக்கத்து லைன் வீடுகளில் இன்று இருப்பவர்களின் பாட்டன் பாட்டிக்கு ஊசி என்பது எல்லையில் குத்தப்பட்ட முத்திரை. குஷ்டத்தில் விலக்குதல், பிளேக்கில் அடைத்துக் கண்காணித்தல், அம்மையில் தடுப்பேற்றி மக்கள்தொகையை நிர்வகித்தல் என்று ஃபூக்கோ 1978 உரைகளில் மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறார். மண்டபத்தில் இந்த மூன்றும் ஒரே வரிசையில் நின்ற ஒரே உடல்மேல் நடந்தன. பாரிஸில் உட்கார்ந்து பார்த்தால் இது தெரியாது.

கொள்ளைநோயின் எண்ணிக்கை விவகாரத்திலும் குன்னூருக்கு இடமுண்டு. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து மெட்ராஸ் வந்த ரஜூலா கப்பலோடு 'ஆசிய ஃப்ளூ' இறங்கியது. கூலிகளை மலேயாவுக்கு ஏற்றிப்போய்ப் பழகிய அதே ரஜூலாதான். உலக சுகாதார நிறுவனத்தின் வலைப்பின்னலில் இருந்த இன்ஃப்ளுயன்ஸா மையம் குன்னூரில் இயங்கியது. வைரஸைப் பிரித்து ஆராய்ந்தது அது. 1958 பிப்ரவரி வரை நாடு முழுவதும் பதிவானது 44,51,785 நோயாளிகள், 1,098 சாவுகள். கடைசி இலக்கம் வரை துல்லியமாக இருக்கும் இந்த எண்ணில் யார் இருக்கிறார்கள்? டிஸ்பென்சரிவரை நடந்து போனவர்கள், சீட்டு வாங்கியவர்கள். லைனில் கம்பளி போர்த்திக்கொண்டு சுக்குத்தண்ணி குடித்தவள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

2020 ஏப்ரலில் ஊரடங்குக்கு நடுவிலேயே தேயிலைத் தோட்டங்கள் பாதி ஆட்களோடு திறக்க மத்திய உள்துறை அனுமதித்தது. கொழுந்து காத்திருக்காதே. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கூடை சுமந்து சரிவில் ஏறினால் மூச்சு முட்டும், இறக்கினால் திட்டு. சோதனை செய்து 'கேஸ்' ஆகிவிட்டால் லைன் முழுக்க அடைப்பு, அத்தனை பேருக்கும் வேலை போச்சு. 'ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்தா சம்பளம் யாரு குடுப்பா?' என்ற கேள்விக்கு எந்த விழிப்புணர்வு நோட்டீசிலும் பதில் இல்லை. இதைத் தயக்கம் என்று சொல்வதைவிடக் கணக்கு என்று சொல்லலாம். அந்தக் கணக்கையும் மீறி இருளர், குறும்பர், பணியர் குடியிருப்புகளுக்குச் செவிலியர்கள் நடந்தே போய்ப் பேசி ஊசி போட்டார்கள். பழங்குடிகளில் வயதுவந்தோருக்கு முதல் தவணை முடித்த மாவட்டமாக அந்த ஆண்டின் நடுவிலேயே நீலகிரி பேசப்பட்டது. பயந்தவர்கள் என்று எழுதப்பட்டவர்கள்தான் இவர்கள்.

தயங்கியது யார் என்று கேட்டால் 2008-க்குப் போக வேண்டும். அந்த ஜனவரியில் கசௌலி, குன்னூர், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் ஆகிய மூன்று பொதுத்துறைக் கூடங்களின் தயாரிப்பு உரிமமும் முடக்கப்பட்டது. நாட்டின் குழந்தைகளுக்கான தடுப்பூசிகளில் பெரும்பகுதியைத் தந்துகொண்டிருந்தவை இவை. 'நல்ல உற்பத்தி நடைமுறை' இல்லை என்பது காரணம். குறை உண்மைதான், பழைய கட்டடம், பழைய இயந்திரம். குறை இருந்தால் பணம் போட்டுச் சீர்செய்வதா, பூட்டுவதா? பூட்டியபோது சுகாதார அமைச்சராக இருந்தவர் நம்மூர் அன்புமணி ராமதாஸ். தனியாரிடம் வாங்க ஆரம்பித்தார்கள். எதிர்ப்பும் வழக்கும் வந்தபின் 2010 பிப்ரவரியில் முடக்கம் விலக்கப்பட்டது. உரிமம் ஒரு கையெழுத்தில் திரும்பிவிடும், சிதறிப்போன உற்பத்தி அப்படித் திரும்பாது. அதே யோசனையில் பிறந்த செங்கல்பட்டு தடுப்பூசி வளாகம் 2012-இல் அனுமதி பெற்றது. 2021 மே மாதம் முதலமைச்சர் ஸ்டாலின் அங்கே போய்ப் பார்த்து, மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தாருங்கள் என்று மத்திய அரசைக் கேட்டபோது, கட்டடம் இருந்தது, ஒரு குப்பி மருந்துகூட அங்கே தயாராகவில்லை.