முடிவிலிருந்து முதலுக்கு: எஃப்பிஜிஏ வடிவமைப்பில் பின் திட்டமிடலின் இடமாற்றம் (1985–2012)

எந்தச் சிக்னல் சிப்பின் எந்தப் பின்னில் வரவேண்டும் என்பதை வடிவமைப்பின் எந்தக் கட்டத்தில் முடிவு செய்வது? எஃப்பிஜிஏ (தயாரிப்புக்குப் பின் பயனர் நிரல்படுத்தக்கூடிய சிப்) துறையின் ஸைலிங்ஸ் நிறுவன மென்பொருள்களை முன்வைத்து இக்கட்டுரை இக்கேள்வியை ஆராய்கிறது. லாஜிக் சுற்றின் விளைவாக இருந்த பின் ஒதுக்கீடு, ஏறத்தாழக் கால் நூற்றாண்டில் அச்சுற்றுக்கு முன்நிபந்தனையாக மாறியது. இம்மாற்றத்துக்கு மென்பொருளின் வளர்ச்சியைவிடப் பின்களின் மின் விதிகள் இறுகியதே முதன்மைக் காரணம் என்பது இதன் வாதம்.

விளைவாக இருந்த காலம்

1984இல் ரோஸ் ஃப்ரீமன், பெர்னார்ட் வான்டர்ஷ்மிட், ஜேம்ஸ் பார்னெட் ஆகியோர் ஸைலிங்ஸைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு வெளிவந்த எக்ஸ்சி2064 சிப்பில் 64 லாஜிக் பிளாக்குகளும் 58 உள்ளீட்டு-வெளியீட்டு பிளாக்குகளும் இருந்தன. உள்ளீட்டு வரம்பு டிடிஎல்லா சிமாஸா என்பது சிப் முழுமைக்கும் ஒரே தேர்வு. ஆகவே மின் நோக்கில் ஒரு பின்னுக்கும் மற்றொன்றுக்கும் பெரிய வேறுபாடில்லை. உட்கம்பித் தடங்களோ குறைவு. பின்களை முதலிலேயே பூட்டிவிட்டால் ரவுட்டிங் தடைபடும். பின் தேர்வை மென்பொருளிடம் விட்டு, அது தரும் பட்டியலைக் கொண்டு போர்டு வரைவதே அன்று ஏற்ற வழி.

பேங்குகளின் வருகை

1998இல் வந்த வெர்டெக்ஸ் இந்நிலையைக் குலைத்தது. சிப்பின் ஒவ்வொரு பக்கமும் இரண்டாகப் பிரிந்து, மொத்தம் 8 பேங்குகள் (பின் தொகுதிகள்) உருவாயின. ஒரு பேங்கிலுள்ள வெளியீடுகள் அனைத்துக்கும் ஒரே விநியோக மின்னழுத்தம் என்பதால், 3.3 வோல்ட் வெளியீடும் 2.5 வோல்ட் வெளியீடும் அங்கே சேர்ந்திருக்க இயலாது. பல வெளியீடுகள் ஒரே கணத்தில் மாறும்போது எழும் இரைச்சலும் அண்டைப் பின்களைப் பாதித்தது. பிஜிஏ பேக்கேஜில் இணைப்புகள் சிப்பின் அடியில் மறைந்ததால், பிழையான ஒதுக்கீட்டைத் திருத்தப் போர்டையே மறுபடி வரைய நேர்ந்தது. லாஜிக் கோடு முடியும்வரை போர்டுக் குழு காத்திருக்கவும் இயலவில்லை.

ஸைலிங்ஸின் ஐஎஸ்இ மென்பொருளில், யூசிஎஃப் என்ற கட்டுப்பாட்டுக் கோப்பில் கையால் எழுதிய ஒதுக்கீட்டுக்குப் ‘பேஸ்’ என்ற வரைகலைக் கருவி துணையானது. 2004இல் ஹையர் டிசைன் நிறுவனத்தை வாங்கியதன் வழியே வந்த பிளான்அஹெட், பேக்கேஜின் தோற்றத்தையும் சிலிக்கானின் உள்ளமைப்பையும் அருகருகே காட்டிப் பின் திட்டமிடலைத் தனிப்பணியாக வளர்த்தது.

கோடு இல்லாத புராஜெக்ட்

ஐஎஸ்இக்கு அடுத்து 2012இல் அறிமுகமான விவாடோ மென்பொருளில் புதிய புராஜெக்ட் தொடங்கும்போது, லாஜிக் கோடைக் கொண்ட ஆர்டிஎல் புராஜெக்டுக்கு இணையாக ஐ/ஓ பிளானிங் புராஜெக்டும் ஒரு தேர்வு. இதற்கு மூலக் கோப்பு எதுவும் வேண்டாம். சிப்பைத் தேர்ந்து, போர்ட் பட்டியலைச் சிஎஸ்வி அல்லது எக்ஸ்டிசி கோப்பிலிருந்து ஏற்றலாம், புதிதாகவும் உருவாக்கலாம். போர்ட்டுகளைப் பின்களில் அமர்த்தி, ஐ/ஓ ஸ்டாண்டர்டு குறித்த பிறகு, டிஆர்சி என்ற வடிவமைப்பு விதிச் சோதனை பேங்க் முரண்களைக் காட்டும். முடிவைப் போர்டுக் குழுவுக்கு அனுப்பலாம். புராஜெக்டை ஆர்டிஎல்லாகவும் மாற்றலாம். அப்போது போர்ட் பட்டியலிலிருந்தே மேல்நிலை மாட்யூல் உருவாகிறது.

இந்த இடமாற்றத்துக்கு மற்றொரு சான்று இன்னும் வலுவானது. ஐஎஸ்இ, இடம் குறிக்காத போர்ட்டைத் தானே ஒரு பின்னில் அமர்த்தி வேலையை முடித்துவிடும். விவாடோவோ, இடமோ ஸ்டாண்டர்டோ குறிக்கப்படாவிட்டால், சிப்பில் ஏற்றும் பிட்ஸ்ட்ரீம் கோப்பைத் தர மறுத்து, யூசிஐஓ-1, என்எஸ்டிடி-1 என்ற பிழைகளைக் காட்டி நிற்கிறது. தவறான பின்னில் ஓடும் மின்சாரம் போர்டையே கெடுக்கக்கூடும் என்பதால் முன்பு கொடுத்திருந்த உரிமையைக் கருவியிடமிருந்து திரும்பப் பெற்றுள்ளனர்.

முடிவுரை

பின்னை முடிவு செய்யும் பொறுப்பு மென்பொருளிடமிருந்து பொறியாளரிடமும், லாஜிக் குழுவிடமிருந்து போர்டுக் குழுவிடமும் நகர்ந்துள்ளது. ஆயினும் இத்தலைகீழாக்கம் முழுமையானதன்று. கிளாக் இணைப்பும் லாஜிக்கும் இல்லாத புராஜெக்டில் டிஆர்சி சரிபார்ப்பது ஒரு பகுதியையே. சிந்தசிஸ், இம்ப்ளிமென்டேஷன் முடிந்த வடிவமைப்பில்தான் முழுச் சோதனை இயலும். ஒதுக்கீடு முதலுக்கு வந்துவிட்டது. அதற்கான இறுதி ஒப்புதல் இன்னும் கடைசிக் கட்டத்திலேயே கிடைக்கிறது.