எலிகளிடமிருந்து மனிதருக்குத் தாவிய ஹெபடைடிஸ்-இ: வழக்கமான பரிசோதனையில் சிக்காத வைரஸ்

கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் ஹெபடைடிஸ் வைரஸ்கள் ஏ, பி, சி, டி, இ என ஐந்து வகைப்படும். இவற்றுள் விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் தன்மை கொண்டது இ வகையாகும். பன்றி, காட்டுப்பன்றி, மான் ஆகியவற்றின் சரியாக வேகாத இறைச்சி வழியே இது பரவுவது முன்பே அறியப்பட்டதுதான். எலிகளிடம் காணப்படும் வைரஸும் மனிதரைத் தாக்கக்கூடும் என்பது 2018-ம் ஆண்டில்தான் உறுதியானது.

தாக்காது எனக் கருதப்பட்ட வைரஸ்

எலிகளின் ஹெபடைடிஸ்-இ வைரஸ் 2010-ல் ஜெர்மனியில் கண்டறியப்பட்டது. மனிதரைத் தாக்கும் ஹெபடைடிஸ்-இ வைரஸிலிருந்து இதன் மரபணு வரிசை பெரிதும் வேறுபட்டது. ரீசஸ் குரங்குகளுக்கு இதனைச் செலுத்தி நடத்திய சோதனையிலும் தொற்று ஏற்படவில்லை. ஆகவே, மனிதருக்கு இதனால் ஆபத்து இல்லை என்றே ஆய்வாளர்கள் கருதினர்.

ஹாங்காங்கில் முதல் நோயாளி

ஹாங்காங்கில் 2017-ல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட 56 வயது ஆண் ஒருவரின் கல்லீரல் செயல்பாட்டில் பின்னர் மாறுபாடுகள் தென்பட்டன. அவரது குருதியில் ஹெபடைடிஸ்-இ வைரஸுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்கள் இருந்தன. ஆனால், வைரஸின் மரபணுவைத் தேடும் வழக்கமான பரிசோதனையில் எதுவும் கிடைக்கவில்லை.

சந்தேகம் நீங்காத ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு முறையில் மீண்டும் பரிசோதித்தபோது, அது எலிகளின் வைரஸ் எனத் தெரியவந்தது. சித்தார்த் ஸ்ரீதர், யுவென் குவோக்-யுங் உள்ளிட்டோர் அடங்கிய குழு 2018 செப்டம்பரில் இதனை அறிவித்தது. நோயாளியின் வீட்டருகே குப்பை சேரும் இடத்தில் எலி நடமாட்டத்தின் தடயங்கள் காணப்பட்டன. ரிபாவிரின் மருந்து அளிக்கப்பட்டதும் அவர் குணமடைந்தார்.

பின்னர் ஹாங்காங்கில் மேலும் பலருக்கு இத்தொற்று கண்டறியப்பட்டது. ஸ்பெயினிலும், ஆப்பிரிக்கப் பயணத்திலிருந்து திரும்பிக் கனடாவில் சிகிச்சை பெற்ற ஒருவரிடமும் இது உறுதியானது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களை மட்டுமன்றி, மற்றவர்களையும் இது தாக்கியுள்ளது.

எவ்வாறு பரவுகிறது?

பரவும் வழி இன்னும் திட்டவட்டமாக நிறுவப்படவில்லை. எலியின் கழிவு கலந்த உணவு, நீர் வழியே பரவியிருக்கலாம் என்பதே வலுவான கருத்து. தேடுவதற்கான பரிசோதனை இல்லாத இடங்களில், காரணம் தெரியாத மஞ்சள் காமாலையாகவே இது கணக்கில் சேர்ந்துவிடக்கூடும்.

எலிச் சிறுநீரால் பரவும் 'எலிக் காய்ச்சல்' வேறு நோய். அது லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியாவால் வருவது. அதிலும் மஞ்சள் காமாலை தோன்றலாம் என்பதால், மருத்துவரிடம் செல்வோர் எலித் தொல்லை குறித்துத் தெரிவிப்பது பயன் தரும்.

இந்தியாவில் நிலை

இந்தியாவில் ஹெபடைடிஸ்-இ பெரும்பாலும் கழிவுநீர் கலந்த குடிநீரால் பரவுகிறது. 1955-56-ல் டெல்லியில் யமுனை நீரில் கழிவு கலந்ததால் சுமார் 29,000 பேர் மஞ்சள் காமாலைக்கு ஆளாயினர். அது ஹெபடைடிஸ்-இ பாதிப்பே எனப் பின்னாளில் தெளிந்தது. இந்நோய் பெரும்பாலோருக்குத் தானாகவே குணமாகும். ஆனால், கருவுற்ற பெண்களுக்குக் கடைசி மூன்று மாதங்களில் இது வந்தால், 20 முதல் 25 சதவீதம் பேர் வரை உயிரிழக்க நேரிடலாம் என உலக சுகாதார அமைப்பு எச்சரிக்கிறது. இக்கணக்கு மனிதரிடையே பரவும் வகையைச் சார்ந்தது.

தற்காத்துக்கொள்ளும் வழிகள்

* உணவுப் பொருள்களை மூடியுள்ள கலங்களில் வைக்க வேண்டும். எலி கடித்த உணவைப் பயன்படுத்தக் கூடாது.
* குடிநீரைக் கொதிக்க வைத்து அருந்த வேண்டும். இறைச்சியை நன்கு வேகவைக்க வேண்டும்.
* எலிப் புழுக்கைகளை உலர்ந்த நிலையில் பெருக்காமல், கிருமிநாசினி தெளித்து, கையுறை அணிந்து அகற்ற வேண்டும்.
* குப்பையை அன்றன்றே அகற்றி, எலிகள் நுழையும் துளைகளை அடைக்க வேண்டும்.

உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோரும் கருவுற்ற பெண்களும் கண்கள் மஞ்சளித்தல், சிறுநீர் அடர்நிறமாதல், பசியின்மை ஆகிய அறிகுறிகள் தோன்றினால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை நாட வேண்டும்.