மலிவு விலை டேப்லெட்: ஆகாஷ் கற்பித்த பாடம்

"சார், பிள்ளைக்கு விலை குறைந்த டேப்லெட் எது நல்லது?" என மலாக்காத் தோட்டப்புறப் பெற்றோர் என்னிடம் வினவுவதுண்டு. வரலாறே விடை கூறும்.

இந்திய அரசு 2011 அக்டோபர் 5ஆம் நாள், மாணவர்க்கென 'ஆகாஷ்' டேப்லெட்டை அறிமுகப்படுத்தியது. விலை ஏறத்தாழ 50 அமெரிக்க டாலர்; உலகமே வியந்தது. ஆனால் அழுத்தினால் மட்டுமே இயங்கும் திரை, 256 மெகாபைட் நினைவகம், விரைவில் தீரும் மின்கலம் எனக் குறைகள் எழுந்தன. மெல்லத் தொட்டாலே இயங்கும் திரையும் இரு மடங்கு நினைவகமும் கொண்ட 'ஆகாஷ் 2' 2012 நவம்பரில் வந்தது.

அரசு திருத்திக்கொண்டது. சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கும் பெற்றோர்க்கு இரண்டாம் வாய்ப்பு ஏது? ஆகவே, விலையை மட்டும் நோக்காதீர். கடையிலேயே திரையைத் தொட்டு, ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து படித்துப் பாருங்கள். நினைவகத்தையும் மின்கலத்தையும் கேட்டறியுங்கள்.