ஹாஜி அலி தர்காவில் பெண்களுக்குத் தடை: வந்தது எப்போது, நீங்கியது எப்படி?

வழிபாட்டுத் தலங்களில் பெண்களுக்கு விதிக்கப்படும் தடைகள் குறித்த விவாதம் எழும்போதெல்லாம் சுட்டிக்காட்டப்படும் தீர்ப்புகளில் ஒன்று, மும்பை ஹாஜி அலி தர்கா வழக்கில் 2016-ஆம் ஆண்டு வழங்கப்பட்ட தீர்ப்பாகும். இத்தகைய தடைகள் பழமையானவை என்றும், இஸ்லாமிய சமூகத்துக்கே உரியவை என்றும், அச்சமூகப் பெண்கள் அவற்றை மௌனமாக ஏற்றுக்கொள்கின்றனர் என்றும் பொதுவெளியில் நிலவும் கருத்துகளை இவ்வழக்கின் விவரங்கள் கேள்விக்குள்ளாக்குகின்றன.

தர்காவும் தடையும்

மும்பையின் வொர்லி கரையை ஒட்டிக் கடலுக்குள் உள்ள சிறு தீவில் அமைந்துள்ளது ஹாஜி அலி தர்கா. மத்திய ஆசியாவின் புகாரா நகரிலிருந்து வந்தவராகக் கருதப்படும் பீர் ஹாஜி அலி ஷா புகாரியின் அடக்கத்தலம் இங்கு உள்ளது. தர்கா 1431-ஆம் ஆண்டு கட்டப்பட்டதாகக் கூறப்படுகிறது. அலை தாழ்ந்திருக்கும் நேரத்தில் நடைபாதை வழியாகச் செல்லும் பக்தர்களில் இந்துக்கள் உள்ளிட்ட பிற மதத்தவரும் ஏராளமாக உள்ளனர்.

அடக்கத்தலம் அமைந்துள்ள உட்பகுதிக்குள் பெண்களும் நீண்டகாலமாகச் சென்று வந்தனர். 2012-ஆம் ஆண்டு அங்கு சென்ற பாரதிய முஸ்லிம் மகிளா ஆந்தோலன் அமைப்பைச் சேர்ந்த பெண்கள், உள்ளே செல்ல முடியாதபடி தடுப்பு வைக்கப்பட்டிருப்பதைக் கண்டனர். அதற்கு முந்தைய ஆண்டில்கூட அவர்கள் தடையின்றி உட்பகுதி வரை சென்றிருந்தனர்.

தடைக்குத் தர்கா அறக்கட்டளை பல காரணங்களைக் கூறியது. பெண்களின் ஆடை முறை, அவர்களது பாதுகாப்பு ஆகியவை குறிப்பிடப்பட்டன. ஆண் மகானின் அடக்கத்தலத்துக்கு அருகே பெண்கள் செல்வது இஸ்லாத்தின்படி பெரும் பாவம் என்றும் வாதிடப்பட்டது. ஷரியத் விதிகளை முன்பு அறியாமல் பெண்களை அனுமதித்துவிட்டதாகவும், அத்தவறு தற்போது திருத்தப்பட்டுள்ளதாகவும் அறக்கட்டளைத் தரப்பு விளக்கம் அளித்தது. தடை புதியது என்பதை இவ்விளக்கமே உறுதிப்படுத்தியது.

நீதிமன்றத்தில் நடந்தது

பல்வேறு அமைப்புகளிடம் முறையிட்டும் பலன் கிடைக்காத நிலையில், ஆந்தோலன் அமைப்பின் நிறுவனர்களான நூர்ஜஹான் சஃபியா நியாஸ், ஜாகியா சோமன் ஆகியோர் 2014-ஆம் ஆண்டு மும்பை உயர்நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தனர். இஸ்லாம் பெண்களுக்கு அளிக்கும் சமத்துவம், அரசியல் சாசனம் வழங்கும் உரிமை ஆகிய இரண்டையும் அவர்கள் தங்கள் வாதத்துக்கு ஆதாரமாக முன்வைத்தனர்.

மத விவகாரங்களைத் தாங்களே நிர்வகித்துக்கொள்ள அரசியல் சாசனத்தின் 26-ஆவது பிரிவு உரிமை அளிக்கிறது என்பது அறக்கட்டளையின் முக்கிய வாதமாக இருந்தது. இதனை நீதிபதிகள் வி.எம்.கனடே, ரேவதி மோஹிதே டேரே அமர்வு ஏற்கவில்லை. பெண்களுக்கான தடை இஸ்லாத்தின் இன்றியமையாத கூறு என்பது நிரூபிக்கப்படவில்லை என்றும், நிர்வகிக்கும் உரிமை என்பது வழிபடும் உரிமையை மீறிச் செல்ல முடியாது என்றும் 2016 ஆகஸ்ட் 26 அன்று அளித்த தீர்ப்பில் நீதிபதிகள் குறிப்பிட்டனர். சமத்துவம், பாகுபாடின்மை, மத சுதந்திரம் ஆகியவற்றுக்கு உத்தரவாதம் அளிக்கும் 14, 15, 25-ஆவது பிரிவுகளுக்குத் தடை முரணானது எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. பெண்களின் பாதுகாப்பு கருதித் தனி வரிசை போன்ற ஏற்பாடுகளைச் செய்யலாம். அதனைக் காரணம் காட்டி அவர்களைத் தடுக்க இயலாது என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

மேல்முறையீட்டுக்காகத் தீர்ப்பு ஆறு வாரங்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. உச்சநீதிமன்றத்தில் நடைபெற்ற விசாரணையில், குறிப்பிட்ட எல்லையைத் தாண்டி யாருக்குமே அனுமதி இல்லையெனில் பிரச்னை இல்லை, சிலரை அனுமதித்துச் சிலரைத் தடுப்பதே பிரச்னை என்று அப்போதைய தலைமை நீதிபதி டி.எஸ்.தாக்குர் தலைமையிலான அமர்வு சுட்டிக்காட்டியது. ஆண்களுக்கு நிகராகப் பெண்களையும் அனுமதிக்கத் தயார் என 2016 அக்டோபர் 24 அன்று அறக்கட்டளை தெரிவித்தது. தேவையான ஏற்பாடுகளைச் செய்ய நான்கு வார அவகாசம் வழங்கப்பட்டது. நவம்பர் 29 அன்று ஆந்தோலன் அமைப்பைச் சேர்ந்த பெண்கள் குழுவாகச் சென்று வழிபட்டனர். இருபாலரும் அடக்கத்தலத்திலிருந்து சற்றுத் தள்ளி நின்று வழிபடும் வகையில் ஏற்பாடு மாற்றியமைக்கப்பட்டது.

ஒரு மதத்துக்கு மட்டும் உரியதா?

இத்தீர்ப்புக்குச் சில மாதங்களுக்கு முன், அதே உயர்நீதிமன்றத்தில் மகாராஷ்டிரத்தின் சனி சிங்கணாப்பூர் கோயில் விவகாரம் விசாரணைக்கு வந்தது. ஆண்கள் செல்லும் இடத்துக்குப் பெண்கள் செல்வதைத் தடுக்கும் சட்டம் ஏதும் இல்லை என நீதிமன்றம் தெளிவுபடுத்தியதை அடுத்து, 2016 ஏப்ரலில் அக்கோயிலின் மேடைக்குச் செல்லப் பெண்கள் அனுமதிக்கப்பட்டனர். 10 முதல் 50 வயது வரையிலான பெண்களுக்குச் சபரிமலையில் இருந்த தடையை உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 28 அன்று நீக்கியது. ஐந்து நீதிபதிகளில் ஒரே பெண் நீதிபதியான இந்து மல்ஹோத்ரா அதிலிருந்து மாறுபட்ட தீர்ப்பை வழங்கினார்.

இஸ்லாமியத் தலங்களிலும் நடைமுறை ஒரே சீராக இல்லை. அஜ்மீர் தர்காவில் பெண்கள் அனுமதிக்கப்படுகின்றனர். தில்லி நிஜாமுதீன் தர்காவின் உட்பகுதியில் உள்ள தடையை எதிர்த்து 2018-இல் சட்ட மாணவிகள் தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகினர். தனியாகவோ குழுவாகவோ பெண்கள் வரத் தடை விதித்துத் தில்லி ஜும்ஆ மசூதியில் 2022 நவம்பரில் வைக்கப்பட்ட அறிவிப்பு, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. பெண்கள் மசூதிக்குள் சென்று தொழுவதற்கு இஸ்லாத்தில் தடை இல்லை என்றும், கூட்டுத் தொழுகை அவர்களுக்குக் கட்டாயம் இல்லை என்றும் அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் உச்சநீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்துள்ளது.

பொதுமக்களின் பார்வை

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019 இறுதி முதல் 2020 தொடக்கம் வரை இந்தியாவில் சுமார் 30,000 பேரிடம் கருத்துக்கணிப்பு நடத்தியது. முஸ்லிம்களை அண்டை வீட்டாராக ஏற்க விரும்பவில்லை என இந்துக்களில் 36 சதவீதம் பேர் தெரிவித்தனர். இந்துக்களை ஏற்க விரும்பாத முஸ்லிம்கள் 16 சதவீதம்.

பெண்கள் குறித்த கேள்விகளில் இரு சமூகத்தினரின் பதில்களும் நெருங்கி வந்தன. தங்கள் சமூகப் பெண்கள் வேறு மதத்தவரை மணப்பதைத் தடுப்பது மிக முக்கியம் என இந்துக்களில் 67 சதவீதம் பேரும் முஸ்லிம்களில் 80 சதவீதம் பேரும் கூறினர். வெளியே செல்லும்போது தலையை மூடுவதாக முஸ்லிம் பெண்களில் 89 சதவீதம், சீக்கியப் பெண்களில் 86 சதவீதம், இந்துப் பெண்களில் 59 சதவீதம் பேர் பதிலளித்தனர். மூன்று முறை தலாக் கூறி விவாகரத்து செய்யும் உரிமை ஆண்களுக்கு இருக்கக் கூடாது என்று முஸ்லிம்களில் 56 சதவீதம் பேர் கருதினர்.

எஞ்சியுள்ள கேள்வி

சபரிமலை சீராய்வு மனுக்களை விசாரித்த உச்சநீதிமன்ற அமர்வு, மத சுதந்திரம் தொடர்பான பரந்த கேள்விகளைக் கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு 2019 நவம்பர் 14 அன்று அனுப்பியது. முஸ்லிம் பெண்களின் மசூதி நுழைவு, வேறு மதத்தவரை மணந்த பார்சிப் பெண்களின் உரிமை ஆகியவையும் அப்போது சுட்டிக்காட்டப்பட்டன. ஒரு மதத்தின் இன்றியமையாத வழக்கம் எது, அதனை நீதிமன்றம் தீர்மானிக்கலாமா என்பவை அவற்றின் மையக் கேள்விகள். ஹாஜி அலி வழக்கு அதைவிடக் குறுகிய ஒரு கேள்விக்கு விடை கண்டது: நெடுங்காலம் வழிபட்டு வந்த பெண்களை, நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்கள் புதிய தடை ஒன்றின் மூலம் வெளியே நிறுத்த முடியாது என்பதே அந்த விடை.