ஒரே மடலில் இரண்டு மடல்

1971-ல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், அருகருகே நின்ற இரண்டு கணினிகளுக்கு இடையே ரே டாம்லின்சன் ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தார். என்ன எழுதினோம் என்பது பின்னாளில் அவருக்கே நினைவில்லை. மின்னஞ்சல் வெறும் எழுத்தாகத்தான் பிறந்தது. 1982-ல் வந்த ஆர்எஃப்சி 822 என்ற விதிமுறையும் அதையே உறுதி செய்தது. ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டு முறையின் 128 குறியீடுகள் மட்டும்தான். தடித்த எழுத்து இல்லை, நிறம் இல்லை, படம் இல்லை. பிரெஞ்சு மொழியின் கொம்பு வைத்த எழுத்துக்கே இடமில்லாதபோது தமிழுக்கு ஏது? ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில் வேறு கனவு வளர்ந்துகொண்டிருந்தது.

கார்னகி மெலனில், ஆண்ட்ரூ என்ற திட்டத்துக்காக நதானியேல் போரன்ஸ்டைன் ஓர் அஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். படமும் அலங்கார எழுத்தும் அதில் போயின, வந்தன. வளாகத்தைத் தாண்டினால் அதைப் படிக்க ஆளில்லை. நெக்ஸ்ட் கணினிக்காரர்கள் தனியாக ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒருவர் அனுப்பிய அழகு இன்னொருவர் திரையில் குப்பையாகக் கொட்டியது. மின்னஞ்சலில் படம் எதற்கு என்று கேட்டவர்களிடம், என்றாவது பிறக்கப்போகும் பேரக்குழந்தைகளின் படத்தைப் பார்க்கத்தான் என்பாராம் போரன்ஸ்டைன். சிரித்தார்கள்.

நியூஜெர்சியின் பெல்கோர் நிறுவனத்துக்குப் போன பிறகு அவருக்கு நெட் ஃப்ரீட் என்ற கூட்டாளி கிடைத்தார். உலகெங்கும் அஞ்சலைக் கைமாற்றும் கணினிகளை மாற்றி எழுதவைக்க யாராலும் முடியாது. சாலை மாறாது என்றால் சரக்கைக் கட்டும் விதத்தை மாற்றலாமே! மூன்று பைட்டுகளை நான்கு சாதாரண எழுத்துகளாக மாற்றினார்கள். உள்ளே இருப்பது என்ன வகை என்று சொல்ல மேலே ஒரு வரி. நான் மிகவும் ரசிக்கும் தந்திரம் இது. பழைய கணினிகள் எதையும் உணராமல் படத்தைச் சுமந்தன. 1992 மார்ச் 11 அன்று போன மடலில், போரன்ஸ்டைனும் நண்பர்கள் மூவரும் சேர்ந்த பாடகர் குழுவின் படமும் பாட்டும் இருந்தன. இப்படிக் கட்டி அனுப்பும் முறைக்கான மைம் என்ற விதிமுறை அந்த ஜூனிலேயே வெளியானது. எழுத்தை அழகாக்க அதில் ரிச்டெக்ஸ்ட் என்ற எளிய குறிமொழியையும் சேர்த்திருந்தார்கள். வெல்ல வேண்டியது அதுதான்.

வெல்லவில்லை. அதைச் செதுக்கி, பெயர் மாற்றி, மறுபடி வெளியிட்டும் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மைக்ரோசாஃப்ட்டோ வேர்டுக்காக 1987-லேயே உருவாக்கிய ஆர்டிஎஃப் என்ற வடிவத்தை அஞ்சலுக்குள் கொண்டுவந்தது. அந்த அலங்காரம் வின்மெயில்.டாட் என்ற கோப்புக்குள் பயணித்ததால், மற்ற மென்பொருள் வைத்திருந்தவர்கள் திறக்க வழியில்லாமல் விழித்தார்கள். இதற்குள், அஞ்சலுக்காகப் பிறக்காத ஒன்று சுவிட்சர்லாந்திலிருந்து கிளம்பியிருந்தது.

செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலைப்பக்கங்களுக்காக உருவாக்கிய ஹெச்டிஎம்எல் அது. உலாவியைச் செய்தவர்களே அஞ்சல் மென்பொருளையும் சேர்த்துத் தந்தார்கள். 1997-ல் வந்த நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டரில் மடலையே ஹெச்டிஎம்எல்லில் எழுத முடிந்தது. வெற்று எழுத்தை நம்பியவர்கள் கொதித்தார்கள். இரு தரப்பையும் சமாதானப்படுத்தும் வழியை 1992-லேயே மைமுக்குள் எழுதிவைத்திருந்தார்கள்: ஒரே செய்தியைப் பல வடிவங்களில் அடுக்கலாம், எளியது முதலில், அலங்காரமானது கடைசியில், பெறும் மென்பொருள் தனக்குப் புரிந்தவற்றில் கடைசியைக் காட்டும்.

வண்ணப் பட்டையும் பொத்தானுமாக இன்று வங்கியிலிருந்து வரும் மடலின் மூல வடிவத்தைத் திறந்தால், பெரும்பாலும் ஹெச்டிஎம்எல்லுக்கு மேலே, அதே சேதி வெற்று எழுத்தில் முழுதாக இருக்கும்.